டூர் என்று சொல்லச் சொன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்ணார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன், பி.இ. முடித்தவன், வாட்ஸ்அப்பில் வந்த டிக்கெட்டையும் ஆபர் லெட்டரையும் பிரிண்ட் எடுக்க வந்தான். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, சம்பளம் எண்பதாயிரம், டெலிகிராமில் பத்து நிமிட டைப்பிங் டெஸ்ட்டோடு ஆளை எடுத்துவிட்டார்களாம். அடுத்தவர் பேப்பரைப் படிப்பது தப்புதான், ஆனால் இந்தத் தொழிலில் கண் தானாகப் போய்விடும். மூன்று நாள் ஓட்டல் புக்கிங்கும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருந்தது. வேலைக்குப் போகிறவனுக்கு எதற்குத் தம்பி ரிட்டர்ன் டிக்கெட் என்று கேட்டேன். "ஏர்போர்ட்ல கேட்டா டூர்னு சொல்லணுமாம் அண்ணாச்சி, விசாவெல்லாம் அங்க போய் மாத்திக்கிடலாம்னு சொல்லுதாங்க" என்றான்.

எனக்குப் பகீரென்றது. சுற்றிப்பார்க்கப் போகிற அனுமதியில் தாய்லாந்தில் வேலை பார்க்க முடியாது. இப்படி நம்பிப் போனவர்களைத்தான் பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் பெரிய பெரிய மதில் எழுப்பிய வளாகங்களுக்குள் அடைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெண் பெயரில் சாட் செய்து யாரோ ஒருவரின் சேமிப்பைக் கறப்பதுதான் வேலை, மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக், வெளியே விட டாலரில் பணம். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தது அங்கிருந்துதான்.

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக அரபு நாடுகளுக்குப் போய்த்தான் வீடு கட்டியிருக்கிறார்கள், அதனால் வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, ஐந்து நிமிட வேலை. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமும் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். இந்தப் பையனிடம் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார்கள், அம்மாவின் செயின் ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். என் கம்ப்யூட்டரிலேயே தேடினோம், அந்த ஏஜென்ட் பெயர் இல்லை. லைசென்ஸ் நம்பர் என்ன என்று பையன் மெசேஜ் போட்டான், பத்து நிமிடத்தில் பிளாக் செய்துவிட்டார்கள். கொடுத்த முன்பணத்துக்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள், வருமா தெரியவில்லை.

அப்புறம் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வரி விளம்பரப் பகுதியில் "வெளிநாட்டு வேலை, உடனே அழைக்கவும்" என்று ஒரு செல் நம்பரை மட்டும் போட்டு வாரா வாரம் விளம்பரம் வருகிறது. பதிவு எண் இல்லாத விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று சொல்ல உங்களால் முடியாதா?

வாசகர் ஒருவர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி