உன் வீட்டு மாடியில் ஒரு அரசங்கன்று

விளாங்குடி, மதுரை
ஆவணி 20

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி.

பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியப்பா தன் வீட்டை விற்கப் போகிறார். அவர் மகள், உன் தங்கச்சி கல்யாணத்துக்கு. மில் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு அது. போன ஞாயிறு ஒரு குடும்பம் பார்க்க வந்தது. வீடு அவர்களுக்குப் பிடித்துப்போனது. கடைசியாக மாடிக்குப் போனார்கள். கூட வந்த வயதான அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உன் வீட்டு மொட்டை மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்க யாரும் குடியில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் தரகர் வந்தார். பக்கத்து வீடு அடைந்து கிடக்கிறது, பூச்சி பொட்டு வரும் என்று யோசிக்கிறார்களாம், சென்ட்டுக்கு ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கிறார்களாம். பெரியப்பாவுக்கு ஐந்து சென்ட். நீயே கணக்குப் போட்டுப் பார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு நானே ஏறிப் பார்த்தேன். மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் வேப்பஞ்சருகு மெத்தை மாதிரி அடைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கித் தேங்கி நாலைந்து இடத்தில் தட்டோடு பெயர்ந்துவிட்டது. கைப்பிடிச் சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அரசங்கன்று. காக்கை எச்சத்தில் முளைத்திருக்கும். பிடித்து இழுத்தேன், இலைதான் கையோடு வந்தது. வெட்டிவிட்டால் போகாது, மறுபடி துளிர்க்கும். விரிசலைக் கொத்தி, வேரோடு எடுத்து, சிமென்ட் வைத்துப் பூச வேண்டும். கீழே ஹாலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை விழுந்து, உள்ளே கம்பி தெரிகிறது. ஓதம் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி காங்கிரீட்டைத் தள்ளிவிடும். நானும் வாசலைக் கூட்டிவிட்டதோடு இருந்துவிட்டேன். மாடி ஏறாதது என் தப்பு.

"இடத்துக்குத்தானே விலை, வழிகாட்டி மதிப்பு ஏறிக்கொண்டுதானே இருக்கிறது" என்று நீ முன்பு சொன்னாய். அது பதிவுத்துறை பத்திரச் செலவுக்கு வைக்கும் கணக்கு. உரிந்த பெயின்ட் அதற்குத் தெரியாது, வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியும். வங்கிக் கடன் என்றால் மதிப்பீட்டாளரும் இடத்துக்குத் தனியாகவும், கட்டடத்துக்கு அதன் வயதையும் நிலையையும் பார்த்துத் தேய்மானம் கழித்துத் தனியாகவும்தான் போடுவார். அப்புறம் ஒன்று. பெரியப்பா வீடு குறைந்து போனால் அதோடு முடியாது. அடுத்து இந்தத் தெருவில் யார் விற்றாலும் "அந்த வீடே இவ்வளவுக்குத்தான் போச்சு" என்றுதான் பேரம் ஆரம்பிக்கும். நாளைக்கு நீ விற்றாலும் அதே பேச்சுதான்.

மீனாட்சி கோயிலில் 2009 குடமுழுக்குக்கு முன்னால் கோபுரங்களைக் கீற்று வேய்ந்து மூடியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தனை நூறு வருடம் நிற்கிற கோபுரத்துக்கே சாரம் கட்டிச் சுதையைப் பார்த்து வர்ணம் அடிக்கிறார்கள். உன் வீட்டுக்கு நாலு வருடமாக ஒரு பொங்கலுக்குக்கூட வெள்ளையடிக்கவில்லை.

பெரிய செலவு வேண்டாம். புது எலிவேஷன், கண்ணாடி எல்லாம் இந்தத் தெருவில் போட்டால் போட்ட காசு திரும்பாது. ஐப்பசி மழைக்குள் மாடியும் குழாயும் காரையும் சரியாக வேண்டும். பெயின்ட் அதற்குப் பிறகுதான். ஓதத்தின் மேல் அடித்த பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். சுவர் நன்றாகக் காய்ந்ததும் முன்பக்கத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் பிரைமர் அடித்து இரண்டு கோட் எமல்ஷன் கொடுத்தால் போதும். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு குடும்பத்தைக் குடி வைப்போம். சாயங்காலம் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும்.

கொத்தனார் புதன்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவிடமும் அந்த விலைக்குச் சம்மதிக்க வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவரும் சரி என்றார். செவ்வாய் ராத்திரிக்குள் நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா