மில் வீடுகளுக்குச் சிமென்ட் பூசலாமா?

ஆசிரியருக்கு,

பழைய பஞ்சாலைகளைக் காக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் புகைபோக்கியும் முகப்பு வாசலுமே கணக்கில் வருகின்றன. தொழிலாளர் குடியிருப்பை யாரும் சேர்ப்பதில்லை. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்தில் தொடங்கிய ஆலையால் வளர்ந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். அவர்களுடைய மதுரை ஆலைத் தொழிலாளருக்காக எழுந்தது ஹார்விபட்டி. பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். இன்று அங்கே அடுக்குமாடிகள்.

எஞ்சிய லைன் வீடுகளையோ, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளையோ, பராமரிப்பு என்ற பெயரில் சிமென்ட் தின்கிறது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், வெளிப்பூச்சு வழியே ஆற்றிவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டு மூன்று மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு உப்பி, உள்ளே செங்கல் மாவாக உதிரும். உடனே இன்னும் கனமாகச் சிமென்ட் பூசுகிறார்கள்!

செய்ய வேண்டியது வேறு. ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுவரைச் சில வாரம் காயவிட வேண்டும். பிறகு, நீர் விட்டு நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு கலந்து பூச வேண்டும். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மிகக் கூடாது, மிஞ்சினால் வெடிக்கும். ஒரு வாரம் நீர் தெளிக்க வேண்டும்.

ஆலைக் கொட்டகைகளின் ரம்பப்பல் கூரையில் (ரம்பத்தின் பற்கள்போல வரிசையாகச் சரிந்து நிற்கும் கூரை) பழுது தொடங்குமிடம் பற்களுக்கு இடையிலுள்ள வாய்க்கால். பல ஆலைகளில் உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூணே மழைநீர்க் குழாய். சருகு அடைத்தால் தூணுக்குள் நீர் தேங்கித் துருவேறும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஒருமுறை அள்ளினாலே போதும். செலவு ஓர் ஆளின் ஒருநாள் கூலி.

இடிப்பது தவிர்க்க முடியாதென்றால், அனுமதி கொடுக்குமுன் உள்ளாட்சி அமைப்பு முழு வளாகத்தையும் அளந்து வரைபடம் எடுக்கச் சொல்லட்டும். வீடுகளோடு பொதுக்குழாயையும் கழிப்பிட வரிசையையும் அதில் குறிக்க வேண்டும். முதலில் விடுபடுவது அவைதான்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர், மதுரை