குருவிக்கூட்டை எந்தப் பக்கம் ஒட்டுவது?

நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் வகுப்பில் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஒரு பயிற்சித்தாளோடு வந்தாள். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘இயற்கை’, வலப்பக்கம் ‘மனிதர் உருவாக்கியவை’. மலை, ஆறு, பாலம், சாலை என்று படங்களை வெட்டி உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். குருவிக்கூட்டை அவள் வலப்பக்கம் ஒட்டியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

“அதுவும் வீடுதானே, தாத்தா? யாரோ கட்டியதுதானே?”

விடை தவறுதான். குருவி மனிதர் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்க அந்தத் தாளில் இடமில்லை என்பதுதான் என் குறை.

நாற்பது ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்த்தவன் நான். நாங்கள் உருவாக்கினோம் என்று மார்தட்டிக்கொள்வதில் எதுவும் வெறுங்கையிலிருந்து வந்ததில்லை. செங்கல் சுட்ட மண். கண்ணாடி உருக்கிய மணல். சிமென்ட் என்றால் மூட்டையில் வரும் சாம்பல் நிறப் பொடி என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். அது சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் வெந்து, பிறகு அரைபட்டு வருவது. அந்தச் சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் பழங்காலக் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. நம் சுவருக்குள் சிப்பி இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அன்று மாலை முழுவதும் அவள் சுவரில் காதை வைத்து அலைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். (நான் திருத்தவில்லை. வயது ஆறுதான்.)

இடப்பக்கமும் அவ்வளவு சுத்தமானதல்ல. தாளில் ‘இயற்கை’ என்று ஒட்டச் சொன்ன மக்காச்சோளம், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் விதை பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய பயிர். கதிரை உரித்து மணியை விதைக்க ஆள் இல்லாவிட்டால் அது தானாகப் பரவாது. 1869இல் கப்பல்களுக்காகச் சூயஸ் கால்வாயைத் திறந்தார்கள். செங்கடல் மீன்கள் அந்த வழியே மத்தியதரைக் கடலுக்குப் போய்க் குடியேறிவிட்டன. கால்வாயை வலப்பக்கம் ஒட்டிவிடலாம். மீனை?

ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டுமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பிரித்துப் பார்ப்பது முதல் படி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படியிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துவிடுகிறோம். இயற்கை என்றால் எங்கோ மலையில் இருப்பது, வீட்டுக்குள் அது கிடையாது என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

அந்த எண்ணத்தை மாற்றச் சுற்றுலாவும் வேண்டாம், படம் போட்ட அட்டைகளும் வேண்டாம், ஒரு மதில் சுவர் போதும். பேத்தியின் கையில் பூதக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அழைத்துப்போனேன். வெயில் படாத பக்கம் பாசி. அடியில் எறும்பு வரிசை. மூலையில் குளவி கட்டிய மண்கூடு. என் ஆட்களின் பூச்சைவிட அது வழவழப்பாக இருந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மேலே ஒரு வெடிப்பில், பறவை எச்சத்தோடு விழுந்த விதையிலிருந்து ஒரு கன்று. மூன்றே கேள்விகள் கேட்டேன். இந்தச் சுவர் எதனால் ஆனது? இதில் யார் யார் குடியிருக்கிறார்கள்? நாம் தொடாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

மூன்றாவதற்கு அவள் நெடுநேரம் யோசித்தாள். “செடி சுவரைத் தின்றுவிடும்” என்றாள். எங்கள் கணக்கேட்டில் இதைத்தான் பராமரிப்புச் செலவு என்று எழுதுவோம்.

உங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்திலும் இதே போலக் கோடு போட்ட புதிர் ஒன்றைப் பார்த்தேன். அடுத்த முறை கோட்டை எடுத்துவிட்டு, பழைய சுவர் ஒன்றின் படத்தை மட்டும் பெரிதாக வெளியிடுங்கள். அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். முதல் கடிதம் எங்கள் வீட்டிலிருந்து வரும், எழுத்துப் பிழைகளோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்