போலியை விட்டுவிட்டு அசலைத் தடுக்கும் டிஎன்எஸ் வடிகட்டி: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
இணையப் பராமரிப்புக் குழு,
ஏலக்காய் வியாபாரிகள் பொது அலுவலகம்,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி,
டிஎன்எஸ் வடிகட்டிச் சேவைப் பிரிவு.

பொருள்: தமிழ், மலையாள டொமைன் பெயர்களின் உருவொத்த போலிகளை உங்கள் தடைப்பட்டியல் கையாளும் விதம் குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கம்பத்திலும் போடிநாயக்கனூரிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டன்மேட்டிலும் உள்ள எங்கள் உறுப்பினர் கடைகளின் கணினிகள் உங்கள் வடிகட்டி வழியாகத்தான் பெயர்த் தீர்வு (டொமைன் பெயருக்குரிய ஐபி எண்) பெறுகின்றன. ஏலக்காய் வாங்குவதும் விற்பதும் இன்று பெரும்பாலும் மின்னேலத்தில். பணம் போவதும் வருவதும் கைபேசியில். கடைப்பெயர்களோ தமிழிலும் மலையாளத்திலும். எங்கள் புகார் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

உறுப்பினர்கள் சிலர் ஒரு பொதுக் கடைத்தளத்தின் கீழ்த் துணைப்பெயர் வாங்கிக் கடை நடத்துகிறார்கள். முன்னால் கடையின் தமிழ்ப்பெயர், பின்னால் தளத்தின் டொமைன். அப்படி ஒரு கடையின் பெயருக்குக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்து, அதே தளத்தில் யாரோ போலிக் கடை திறந்துவிட்டார்கள். முன்பணம் கேட்கும் சுட்டி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தச் சுட்டியை அப்படியே நகலெடுத்து உங்கள் போர்ட்டலின் தடைப் பெட்டியில் ஒட்டினோம். ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. அதன்பின் எல்லாக் கடைகளிலும் திறக்காமல் போனது அசல் முகவரி. போலியோ அப்படியே திறந்து கிடந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கண்டுபிடித்துவிட்டோம். உறுப்பினரின் கடைப்பெயரை இங்கே எழுத வேண்டாம். உதாரணம் என்ற சொல்லையே வைத்துப் பார்ப்போம். (2007-ல் தமிழ் டொமைன்களைச் சோதிக்க, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் வைத்த முகவரியும் உதாரணம்.பரிட்சை தான்.) இதன் கடைசி எழுத்தான ம் என்பதில் புள்ளிக்குப் பின்னால் இணைப்புத் தடுக்கும் அகலமற்ற குறியை, அதாவது யூனிகோடு தசம எண் 8204-ஐ, வைத்தால் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. பிறமொழி டொமைன் பெயர்களுக்கான ஐடிஎன்ஏ 2008 விதி அதை அனுமதிக்கிறது: இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5892-ன்படி புள்ளி போன்ற விராமக் குறிக்கு அடுத்து வந்தால் போதும். 2003-ன் பழைய விதியோ அந்தக் குறியைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டு மிச்சத்தைப் பியூனிகோடாக, அதாவது எக்ஸ்என்-- என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவாக, மாற்றும். உதிர்த்தபின் மிஞ்சுவது அசல் பெயர். நாங்கள் கொடுத்த போலி உங்கள் பட்டியலில் அசலாக ஏறியது இப்படித்தான்.

நீங்களே சோதிக்கலாம். உதாரணம் என்ற சொல்லை ஒருமுறை வெறுமனேயும் ஒருமுறை 8204 சேர்த்தும் போர்ட்டலில் பதிந்து, ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு வரியிலும் ஒரே பியூனிகோடு இருக்கும். இன்றைய உலாவிகள் அந்தக் குறியை வைத்தே மாற்றுவதால், அவற்றிலிருந்து வரும் கேள்வி வேறாக இருக்கும். பைத்தானோடு உடன்வரும் ஐடிஎன்ஏ குறிமாற்றி இன்றும் 2003 விதியைத்தான் பின்பற்றுகிறது. 2008 விதிக்குத் தனித் தொகுப்பு நிறுவ வேண்டும். உங்கள் போர்ட்டலில் இதை முதலில் பாருங்கள்.

துணைப்பெயர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவகத்தில் பெயர் வாங்கும்போது அங்கே எழுத்துச் சோதனை இருக்கலாம். வாங்கிய டொமைனுக்குக் கீழே வைக்கும் துணைப்பெயரை எந்தப் பதிவகமும் பார்ப்பதில்லை. டொமைன் யாருடையதோ அவர் இஷ்டம். ஆகவே பதிவகம் தடுத்திருக்குமே என்று உங்கள் சப்போர்ட் சொன்ன பதில் இங்கே செல்லாது.

அதைவிட மோசம் அடுத்து நடந்தது. டிக்கெட் போட்டதும் எக்ஸ்என்-- என்று தொடங்கும் பெயர்கள் அனைத்தையும் எங்கள் கணக்கில் ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்டீர்கள். டிஎன்எஸ் கேள்வியில் தமிழ் எழுத்து போவதில்லை; எந்தத் தமிழ்ப்பெயரும் அந்த முன்னொட்டோடுதான் போகும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற தமிழ் மேல்நிலைப் பெயர்களும் அப்படியே. ஆகவே அவற்றின் கீழ் இருக்கும் ஒரு தளம்கூட எங்களுக்குத் திறக்கவில்லை. இது பாதுகாப்பு ஆகாது. எங்கள் எழுத்தையே கதவுக்கு வெளியே நிறுத்துவது. தமிழ்த் தளம் வேண்டுமென்றால் உருவொத்த பெயர்த் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்ற உங்கள் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும்.

கலந்த எழுத்துமுறையைப் பிடித்தால் போதும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. லத்தீன் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிரிலிக் எழுத்து, அல்லது ஆங்கில ஓ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ்ச் சுழியம் ௦ என்றால் அது பிடிக்கும். ஆனால் எங்களைத் தொல்லை செய்யும் போலிகளில் பெரும்பாலானவை முழுக்கத் தமிழ் எழுத்துகளால் ஆனவை. மறுபடி உதாரணத்தையே எடுங்கள். அதில் வரும் துணைக்காலை (3006) எடுத்துவிட்டு ரகரத்தை (2992) வைத்தால் பல எழுத்துருக்களில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. முதல் உகரத்துக்குப் பதில் தமிழ் இலக்கம் ௨ (3048) வைக்கலாம். ௧ முதல் ௯ வரையான இலக்கங்களை ஐடிஎன்ஏ 2008 அனுமதிக்கிறது. ௰, ௱, ௲ மட்டும் அனுமதியில்லை. ஔகாரத்தின் வலப்பக்கக் குறி (3031) இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் (2995) வைத்துத் தட்டச்சுவது நம்மவர்களிடம் அன்றாடப் பழக்கம் என்பதால் அது சந்தேகத்தைக்கூடக் கிளப்பாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கமும் இங்கே உதவாது: ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வந்தால் அது ஒகரக் குறியாகச் சேர்த்துவிடும், ஆனால் கொம்பையும் ளகரத்தையும் ஔகாரமாக்காது.

ஸ்ரீ தனிக்கதை. வியாபாரப் பெயர்களில் இது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகளால் எழுதலாம். ஸ (3000) இருக்கும் இடத்தில் 2005-ல் யூனிகோடு 4.1-ல் சேர்ந்த ஶ (2998) வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாகத்தான் காட்டும். தனியாகப் பார்த்தால் ஸ வேறு, ஶ வேறு. நான்கும் சேர்ந்த பிறகுதான் உருவம் ஒன்றாகிறது. எனவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் இதைத் தவறவிடும். தொடர்களாகவும் ஒப்பிட வேண்டும்.

மலையாளப் பக்கமும் இதே கதைதான். மலையாள உகரம் (3337), ணகரம் (3363) தமிழ் எழுத்துகளை ஒத்திருக்கும். உயிரின்றித் தனித்து நிற்கும் மெய்வடிவங்களான சில்லு எழுத்துகளுக்கு 2008-ல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு தந்தது. அதற்குமுன் மெய், சந்திரக்கலை (மலையாளப் புள்ளி), இணைக்கும் அகலமற்ற குறி (8205) என்று மூன்றாக எழுதினார்கள். இரண்டும் இன்றும் புழங்குகின்றன, இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. உங்கள் போர்ட்டல் 8205-ஐயும் உதிர்ப்பதால், பழைய முறையில் எழுதிய பெயரைக் கொடுத்தால் இரண்டில் எதுவுமில்லாத மூன்றாவது பெயர் ஒன்று பட்டியலில் ஏறுகிறது. தமிழும் மலையாளமும் உள்ளிட்ட ஒன்பது எழுத்துமுறைகளுக்கு ஐகானின் நியோ பிராமி குழு விதிகள் வகுத்திருக்கிறது. எழுத்துமுறை தாண்டிய ஒத்த உருவங்களையும் அது பட்டியலிட்டுள்ளது. யூனிகோடின் 39-ஆம் தொழில்நுட்பத் தரத்தின் மயக்கெழுத்து (ஒன்றுபோல் தோன்றும் எழுத்து) பட்டியலோடு அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பது இது. எங்கள் உறுப்பினர் பெயர்களைப் பாதுகாக்கும் பட்டியலாகத் தருகிறோம். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தரம் சொல்லும் வழியில் ஒப்பீட்டு உரு ஒன்றைக் கணக்கிட்டு வையுங்கள்: பெயரைப் பிரிநிலைக்கு (கூட்டுக் குறிகளைப் பிரித்த வடிவுக்கு) இயல்பாக்கி, கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கி, மயக்கெழுத்துகளை அவற்றின் மூல உருவுக்கு மாற்றி, மறுபடி இயல்பாக்குவது. புதிதாகக் கேட்கப்படும் பெயரைப் பியூனிகோடிலிருந்து விரித்து அதே கணக்கைப் போடுங்கள். உரு ஒன்றாக, பியூனிகோடு வேறாக இருந்தால் நிறுத்தி வைத்து எங்களுக்குச் சொல்லுங்கள். குறிகளை நீக்குவது ஒப்பீட்டுக்கு மட்டும். பட்டியலில் ஏற்றும்போது வந்த பெயரை அப்படியே ஏற்ற வேண்டும்.

உரு ஒன்று என்பதாலேயே உலகத்துப் பெயர்களை எல்லாம் தானாகத் தடுக்கவும் கூடாது. காடு, கரடு இரண்டும் தேனிப் பக்கம் தினமும் புழங்கும் சொற்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றென்று கணக்கிட்டால் இரண்டுக்கும் ஒரே ஒப்பீட்டு உருதான் வரும். கரட்டின் பெயரில் நியாயமாகக் கடை வைத்திருப்பவரைக் காட்டின் பெயரில் இருப்பவருக்காக முடக்கக் கூடாது. அதனால்தான் பாதுகாக்கும் பட்டியலோடு மோதினால் மட்டும், அதுவும் மனிதர் ஒருவர் பார்த்தபின் என்று கேட்கிறோம்.

இதோடு இரண்டு பிழைகள். டிஎன்எஸ் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான் என்பது ஆர்எஃப்சி 4343 சொல்வது. எங்கள் அலுவலகத்தின் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் எழுத்தளவை மாற்றிமாற்றிக் கேட்கும் பாதுகாப்பு வசதியை இயக்கியதும் தமிழ்ப்பெயர்த் தடைகள் சில நேரம் வேலை செய்கின்றன, சில நேரம் இல்லை. முன்னொட்டின் எக்ஸ், என் இரண்டு எழுத்துக்கும் நான்கு சேர்க்கை உண்டு. இரண்டும் சின்ன எழுத்தாக வரும் ஒன்றில் மட்டும் தடை விழுகிறது. ஒப்பிடும் முன் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றும் ஒரு வரி உங்கள் நிரலில் விடுபட்டிருக்கிறது. சாதாரண ஆங்கிலப் பெயர்களில் இந்தக் குறை இல்லை.

அடுத்து, தடைப் பதிலோடு வரும் எஸ்ஓஏ பதிவில் எதிர்மறைக் கேச் நேரம், அதாவது பெயர் இல்லை என்ற பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 வினாடி. தவறாகத் தடுத்ததை நீங்கள் நீக்கினாலும் இதனால் அசல் கடை ஒரு முழுநாள்வரை மூடியே கிடக்கும். 300 வினாடி போதும்.

போர்ட்டலின் லாக் பக்கத்தில் தமிழ்ப்பெயருக்குப் பக்கத்திலேயே பியூனிகோடையும் காட்டுங்கள். இப்போது அசலும் போலியும் ஒரே சொல்லாக அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. எதைத் தடுத்தீர்கள் என்று எங்களாலும் பார்க்க முடியவில்லை, உங்கள் ஊழியராலும் முடியவில்லை.

அசல் கடையின் மீதான தடையையும் ஒட்டுமொத்தத் தடையையும் உடனே நீக்கி, போலியின் பியூனிகோடு வடிவத்தைக் கையாலேயே பட்டியலில் சேர்க்க வேண்டுகிறோம். அந்தத் துணைப்பெயரை மட்டும் சேருங்கள். கடைத்தளத்தின் டொமைன் மேல் கைவைத்தால் மற்ற எல்லாக் கடைகளும் மூடிவிடும். குறிமாற்றியை எப்போது 2008 விதிக்கு மாற்றுவீர்கள் என்று தேதியோடு எழுத்தில் பதில் வேண்டும். மாற்றும்வரை போர்ட்டலில் 8204, 8205 உள்ள பெயர் வந்தால் ஏற்காமல் எச்சரிக்கை காட்டட்டும்.

இப்படிக்கு,
இணையப் பராமரிப்புக் குழு,
கம்பம்.

இணைப்பு: அசல், போலி இரண்டின் பியூனிகோடு வடிவங்கள், போர்ட்டல் ஏற்றுமதிக் கோப்பு, ஐடிஎன் (தமிழ் எழுத்து) வெளியீட்டை அணைத்து எடுத்த டிக் என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையின் பதில்கள், பாதுகாக்க வேண்டிய கடைப்பெயர்ப் பட்டியல்.