புரோட்டான் சிகிச்சை யாருக்கு?

ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், அணுக்கருத் துகளான புரோட்டான்களைப் பாய்ச்சிப் புற்றுநோயை அழிக்கும் புரோட்டான் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையில் 'பக்கவிளைவே இல்லாதது' என்று ஒரு வரி. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் மைத்துனர் வந்துவிட்டார். வயது 71, புராஸ்டேட்டில் ஆரம்பநிலைப் புற்றுநோய். சென்னை தரமணியில் இருக்கும் புரோட்டான் மையத்துக்குப் போக ஒரு ஏக்கர் நஞ்சையை விற்கப் போகிறாராம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்.

வழக்கமான கதிர்ச் சிகிச்சையில் கொடுக்கும் எக்ஸ்ரே, உடம்பில் நுழைந்த இடத்திலிருந்து மறுபக்கம் வெளியேறும் வரை வழிநெடுகக் கதிரை இறைத்துக்கொண்டே போகும். புரோட்டான் அப்படியல்ல. வேகம் குறையக் குறைய அதிக ஆற்றலை இறக்கிவிட்டு நின்றுவிடும். அதற்கப்பால் அநேகமாக ஒன்றும் போகாது. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த அதே மனிதர்! 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

இதன் அருமை முக்கியமாகக் குழந்தைகளிடம்தான் தெரியும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி வந்த பிள்ளைக்கு, மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே என்றால் முன்னால் இருக்கும் இதயம், குடல், தைராய்டு எல்லாம் அதில் பங்கு வாங்கும். பின்விளைவு இருபது வருஷம் கழித்துக்கூட வரலாம். புரோட்டான் தண்டோடு நின்றுவிடும். மண்டையோட்டின் அடியில், கண்ணுக்குள் வரும் சில கட்டிகளுக்கும் இது நல்லது.

புராஸ்டேட் கதை வேறு. அமெரிக்காவில் 450 பேரை வைத்து நடந்த பார்ட்டிகோல் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. குடல் தொந்தரவிலும் சரி, நோய் அடங்குவதிலும் சரி, லீனாக் என்ற வழக்கமான கதிர்ச் சிகிச்சை எந்திரத்தில் கொடுக்கும் நவீன எக்ஸ்ரே சிகிச்சைக்கும் புரோட்டானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மைத்துனரைப் பார்த்த டாக்டரும் லீனாக்கே போதும் என்றுவிட்டார். நஞ்சை பிழைத்தது. பக்கவிளைவே இல்லை என்பதும் தவறு. புரோட்டானிலும் தோல் சிவக்கும், களைப்பு வரும்.

தரமணியில் அப்பல்லோ 2019-இல் தொடங்கியது தனியார் மையம். மும்பை அருகே கார்கரில் டாடா நினைவு மையம் 2023-இல் தொடங்கியது அரசு சார்ந்தது. முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான் வரம்பு. மூளைக்கட்டி வந்த கூலித்தொழிலாளியின் பிள்ளைக்கு மட்டுமாவது அரசு தனி நிதி ஒதுக்கினால் என்ன? அடுத்த கட்டுரையில் இதைக் கேளுங்கள். யாருக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மன்னார்குடி