மாட்டுக்கு வைத்த விருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் பொங்கல் சிறப்பிதழில், மாட்டுப் பொங்கலன்று "ஒரு நாளாவது மாடு வயிறு முட்டப் பொங்கல் சாப்பிடட்டுமே" என்று ஒரு வரி படித்தேன். எழுதியவர் மாட்டைக் காலண்டரில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. தாங்களுமா ஐயா அதை அப்படியே விட்டீர்கள்?

மாட்டின் பெருவயிற்றில் தீனியைச் செரிக்க வைப்பது நுண்ணுயிர்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வைக்கோலுக்குப் பழகிய கூட்டம் அது. திடீரென்று ஒரு குண்டான் சோறும் வெல்லமும் இறங்கினால், மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பெருக நாளாகும். புளிப்பைக் காட்டும் பி.எச். என்ற அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6, 7 என்று இருக்க வேண்டியது, 5-க்கும் கீழே போகும். உடம்புத் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, மாடு கண் குழிந்து படுத்துவிடும்.

எங்கள் கலப்பினப் பசு அப்படித்தான் போனது. பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள், யாரும் பார்க்காத நேரத்தில், மிச்சப் பொங்கலை மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். ராத்திரி அசைபோடவில்லை. விடிந்தால் புளிப்பு நாற்றத்தோடு தண்ணீராகச் சாணி. பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றது. கால்நடை மருந்தகத்தில் பண்டிகை விடுமுறை. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடத்தான் ஆள் இருந்தது.

கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை மாடுகளுக்குக் கொட்டுகிறவரை வள்ளலாக்கி முன்பு முழுப் பக்கம் போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் வரவில்லை. சரி, சர்க்கரைப் பொங்கல் செய்முறைக்கு இடம் வேண்டுமே. அப்புறம் கேள்வி-பதில் பகுதியில், அரிசியை மேய்ந்துவிட்ட மாட்டுக்கு நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னார் தங்கள் நிபுணர். எண்ணெய், வயிற்றில் நுரை கட்டி ஊதும் உப்புசத்துக்கு ஐயா, இந்த அமிலப் புளிப்புக்கு அல்ல. இதற்குச் சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுப்பார்கள். முற்றினால் நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்து ஊற்றுவார்கள், அதுவும் டாக்டர் வந்துதான்.

அடுத்த பொங்கல் இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். பொங்கல் ஒரு கைப்பிடி போதும், முதலில் வைக்கோல். மாவுத் தீனியைக் கூட்டுவதானால் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. கோலப் பக்கத்து ஓரத்தில் இடம் கிடைத்தாலும் சரி.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.