பரண் மேல் இருக்கும் தகரப்பெட்டி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது, தாமதத்துக்குத் திட்டாதே. சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாளா! போன தீபாவளிக்கு என் புதுச்சட்டையை நனைத்தவள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: "புள்ளியியல் படிச்சவனுக்குச் சரித்திரத்துல என்னடா வேலை?" நீ விளையாட்டாகக் கேட்டாய். ஆறு மாதம் முன்பு ஒரு நேர்காணலில் இதையே முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்கள். பி.எஸ்ஸி. புள்ளியியல், எம்.ஏ. சமூகவியல், இப்போது வரலாற்றுச் சமூகவியலில் பிஎச்.டி. "ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே" என்றார் ஒருவர். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த எரிச்சலில்தான் சார்லஸ் டில்லி எப்படிப் படித்தார் என்று தேடிப் பார்த்தேன். எங்கள் துறையில் அவர் பெயர் சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. 1929-இல் அமெரிக்காவின் இல்லினாயில் பிறந்தவர். 1950-இல் ஹார்வர்டில் பி.ஏ. கொரியப் போர் நேரத்தில் கடற்படையில் சம்பளம் பட்டுவாடா செய்யும் வேலை. 1958-இல் அதே ஹார்வர்டில் முனைவர் பட்டம். இதைவிட அவருக்கு வாய்த்த வாத்தியார்கள்தான் வேடிக்கை. மாணவராக இருந்தபோது சொரோக்கினுக்கு உதவியாளர். ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் மரண தண்டனை விதித்து, பிறகு விட்டு, 1922-இல் நாடு கடத்திய மனிதர் அவர். ஹார்வர்டில் சமூகவியல் துறையைத் தொடங்கியவரும் அவர்தான். ஆய்வுக்கு வழிகாட்டியவர்கள் இருவர். பேரிங்டன் மூர் இளங்கலையில் படித்தது கிரேக்கமும் லத்தீனும். ஜார்ஜ் ஹோமன்ஸ் ஆங்கில இலக்கியம் படித்தவர், கடைசிவரை முனைவர் பட்டமே வாங்காதவர்! முனைவர் பட்டம் இல்லாதவர் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியிருக்கிறார். என்னைக் கேட்ட குழு இவர்களை வாசலோடு அனுப்பியிருக்கும்.

டில்லி எடுத்துக்கொண்டது பிரான்ஸின் மேற்கே 1793 மார்ச்சில் வெடித்த வாந்தே கலகம். பிரெஞ்சுப் புரட்சி அரசு 3,00,000 பேரைப் படைக்குப் பிடிக்க உத்தரவு போட்டதும் கிராமங்கள் கிளம்பிவிட்டன. ராஜபக்தி, பாதிரியார் தூண்டிவிட்டார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி முடித்திருந்தார்கள். இவர் ஆஞ்சே ஊர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து வேறொன்று கேட்டார்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளில் மோஜ் ஏன் எழுந்தது, சோமூர்ப் பக்கத்துச் சமவெளி ஏன் எழவில்லை?

சமவெளியில் திராட்சைத் தோட்டம். சரக்கு சந்தைக்குப் போகும், டவுனோடு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல். மோஜில் வேலி அடைத்த வயல்கள், சிதறிக் கிடக்கும் குடிசைகள், நடுநடுவே டவுன் வியாபாரிக்காக லினன் துணி நெய்யும் தறிகள். புரட்சி வந்ததும் உள்ளூர்ப் பதவிகள் அந்த டவுன்காரர்கள் கைக்குப் போயின. ஏலத்துக்கு வந்த கோயில் சொத்தில் நல்ல பங்கையும் அவர்களே வளைத்தார்கள். ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்ற பாதிரியாரை, அரசுக்குச் சத்தியம் செய், இல்லாவிட்டால் பதவியை விடு என்றார்கள். எந்த ஊரில் எந்தப் பாதிரியார் சத்தியம் செய்தார் என்றுகூட டில்லி எண்ணியிருக்கிறார். ராஜா திரும்ப வரவேண்டும் என்பதைவிட, "டவுன்காரன் நம்மை ஆளுவதா" என்ற ஆத்திரம்தான் அதில் தூக்கலாகத் தெரிகிறது. இது என் வாசிப்பு. சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

எண்ணத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருந்தது, பார்த்தாயா? புள்ளியியலை நான் தொலைக்கவில்லையடா.

என் தலைப்பு தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அப்பத்தா யாராவது சோற்றை அள்ளி அள்ளித் தின்றால் "தாது வருசத்துப் பசி" என்பாள், நினைவிருக்கிறதா? உன்னையும் ஒருமுறை சொன்னாள். நானும் டில்லி மாதிரிதான் கேட்கிறேன்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர், மழை இரண்டுக்கும் சேர்ந்துதான் பொய்த்தது. ஓர் ஊர் இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாகக் கிளம்பியது, பக்கத்து ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது என்றால், ஏன்? 1871, 1881 குடிக்கணக்குகளை அருகருகே வைத்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரெவின்யூ போர்டு கோப்புகளைப் புரட்டுகிறேன். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும் காகிதம். தும்மல் தனிக்கதை. பஞ்ச நிவாரண வேலைக்கு டெம்பிள் துரை என்ற வெள்ளைக்கார அதிகாரி நிர்ணயித்த கூலி ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அந்த வரியைப் படித்த அன்று மத்தியானம் கேண்டீனுக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஆனால் மாப்ளே, அரசாங்கக் கோப்பில் தாலுகா வரைதான் தெரிகிறது. ஊருக்குள்ளே இறங்க கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, எழுதிய கணக்கு வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம், மறைப்பானேன். உங்கள் தாத்தா கர்ணமாக இருந்தவர், அவருக்கு முன்னால் அவர் அப்பாவும். 1980-இல் பதவியையே ஒழித்தபோது அவர் கோபத்தில் கட்டி வைத்த பழைய நோட்டுகள் பரண் மேல் தகரப்பெட்டியில் இருப்பதாக ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறாய். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அம்மா அதை எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். நீயாகத் திறக்காதே, பூச்சி இருக்கும், காகிதம் உதிரும். பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் வருகிறேன்.

உன்,
ஹாஸ்டல் அறைத்தோழன்